குழந்தைகள் ஐசியுவில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்: எப்படி உருவாகிறார்?

அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. ஜனவரி மாதம், ராத்திரி இரண்டு மணி. ஐசியுவில் நான்கு மாதக் குழந்தை ஒன்று படுத்திருக்கிறது. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் தொற்றி, நுரையீரலின் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களில் சளி அடைத்திருக்கிறது. பத்து மணிக்குப் பார்த்தபோது நிமிடத்துக்கு 70 தடவை மூச்சு வாங்கியது. மூக்கு விடைத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, அழுது தீர்த்தது. இப்போது 32 தடவைதான். அழுகையும் இல்லை. "அப்பாடா, தூங்கிட்டான்" என்று அம்மா நாற்காலியில் சாய்கிறார்.

கட்டில் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு மனசு ஒப்பவில்லை. தூங்குகிற குழந்தையின் முகம் இப்படி வெளுத்திருக்காது. உடனே ஒருவரை அழைக்கிறார். வருகிறவரும் நர்ஸ்தான். ஆனால் அவர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, காற்று உள்ளே போகும் சத்தமே குறைந்துவிட்டதைக் கவனித்து, குழந்தை தேறவில்லை, மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் களைத்துப்போய்விட்டது என்று முடிவு செய்கிறார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்கப் பரிசோதனைக்கு எழுதுகிறார். மூச்சுக்குக் கொடுக்கும் உதவியைக் கூட்டச் சொல்கிறார். தொண்டைக்குள் குழாய் போட வேண்டி வந்தால் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்கிறார். ஐசியுவின் சீனியர் டாக்டருக்குப் போன் போட்டு நான்கே வரியில் நிலைமையைச் சொல்கிறார். பிறகு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று புரியும்படி பேசுகிறார்.

அவர்தான் அக்யூட் கேர் பீடியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர். தமிழில் இதற்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. தீவிரமாக நோய்வாய்ப்பட்ட குழந்தைகளைக் கவனிக்கும் உயர்நிலைச் செவிலியர் என்று விளக்கலாம். ஆனால் வார்டில் யாரும் அப்படிப் பேசப்போவதில்லை என்பதால் இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்றே எழுதுகிறேன்.

நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையைப் பற்றிக் கேட்கும்போது, பெரும்பாலும் முதலில் வருகிற கேள்வி "எத்தனை வருஷம் படிக்கணும்?" என்பதுதான். அதற்கு விடை எளிது, கீழே சொல்கிறேன். அதைவிட முக்கியம், அந்தப் படிப்பு ஒருவரிடம் எதை மாற்றுகிறது என்பது. ஒரு நல்ல நர்ஸ் குழந்தையிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்ததும் டாக்டரிடம் சொல்கிறார். நர்ஸ் பிராக்டிஷனர் அதே மாற்றத்தைப் பார்த்து, இது என்ன நோய், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானித்து, தன் கையெழுத்தைப் போடுகிறார். நோயைக் கண்டறிவது, பரிசோதனைகளுக்கு எழுதுவது, மருந்து எழுதுவது மூன்றும் அவர் பொறுப்பு. சொல்கிற இடத்திலிருந்து தீர்மானிக்கிற இடத்துக்கு நகர்வதுதான் மொத்தப் பயிற்சியும்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். உலகின் முதல் நர்ஸ் பிராக்டிஷனர்களே குழந்தைகளுக்காக உருவானவர்கள் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற செய்தி. ஆனால் அன்று அவர்கள் வேலை ஐசியுவில் இல்லை. டாக்டர்கள் போய்ச் சேராத ஊர்களில் குழந்தையின் எடை, வளர்ச்சி, தடுப்பூசி, சின்னச் சின்ன நோய்கள், இவற்றைப் பார்ப்பதுதான். பின்னாளில் குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயக் கோளாறோடு பிறந்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள் எனப் பிழைத்துக்கொள்ளும் குழந்தைகள் கூடினார்கள். மருத்துவமனைக்குள் அவர்களை விடாமல் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. 2003-இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு வந்தபோது அந்தத் தேவை இன்னும் அதிகமானது. 2005-இல் குழந்தைகளின் தீவிர சிகிச்சைக்கென்று தனிச் சான்றிதழ்த் தேர்வே வந்துவிட்டது.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனரில் இரண்டு கிளை உண்டு. ஒன்று பிரைமரி கேர். நம் ஊரில் தெருமுனைக் குழந்தை டாக்டரிடம் எதற்கெல்லாம் போவோமோ, கிட்டத்தட்ட அந்த வேலை. இன்னொன்று அக்யூட் கேர். ஐசியு, எமர்ஜென்சி, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பிரிவு, புற்றுநோய் வார்டு, ஆம்புலன்ஸிலோ ஹெலிகாப்டரிலோ போய்க் குழந்தையைக் கொண்டுவரும் குழு, இப்படி நிலைமை மணிக்கு மணி மாறக்கூடிய இடங்கள். இரண்டுக்கும் படிப்பு வேறு, தேர்வும் வேறு. பிரைமரி கேர் சான்றிதழை வைத்துக்கொண்டு ஐசியுவில் வேலை கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. சில கல்லூரிகள் இரண்டையும் சேர்த்தே கற்றுத் தருகின்றன. ஒன்றை முடித்தவர்கள் பிறகு கூடுதல் சான்றிதழ்ப் படிப்பாக மற்றதையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், பச்சிளம் குழந்தைகளுக்கான நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் என்பது மூன்றாவது பாதை. பிறந்த குழந்தைகளின் ஐசியுதான் உங்கள் கனவு என்றால் அந்தப் பக்கம் போக வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே இதைத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். முதலில் நான்கு வருட நர்சிங் பட்டம். அப்புறம் என்கிளெக்ஸ் தேர்வு. அது கணினியில் எழுதுவது. நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, அடுத்த கேள்வியின் கடினம் அதற்கேற்ப மாறும். சிலருக்கு 85 கேள்வியில் முடிந்துவிடும், சிலருக்கு 150 வரை போகும். தேறினால் மாநில நர்சிங் வாரியம் பதிவு பெற்ற நர்ஸ் என்று உரிமம் தரும்.

அடுத்த கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். உடனே மேற்படிப்புக்கு ஓடாமல், தீவிரமாக நோய்வாய்ப்பட்ட குழந்தைகளைக் கவனிக்கும் வார்டில் ஒன்றிரண்டு வருடமாவது நர்ஸாக வேலை பார்க்க வேண்டும். பல கல்லூரிகள் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. சில கல்லூரிகள் வைக்கவில்லை. வைக்காத இடத்திலும் அதைத் தாண்டிப் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பத்து மணிக்கு 70, இரண்டு மணிக்கு 32 என்ற அந்த எண்ணைப் பார்த்து வயிற்றில் சுருக்கென்று வர வேண்டும் என்றால், முன்பே பல குழந்தைகள் அருகில் ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். அந்தச் சுருக்கை எந்த வகுப்பறையிலும் கற்றுத் தர முடியாது. மேற்படிப்பு செய்வதெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை விளக்குவதுதான்.

மேற்படிப்பு என்பது முதுகலைப் பட்டம், அல்லது டி.என்.பி. எனப்படும் நர்சிங் முனைவர் பட்டம். முழுநேரமாகப் படித்தால் முதுகலைக்கு ஏறத்தாழ இரண்டு வருடம், முனைவர் பட்டத்துக்கு மூன்று நான்கு வருடம். பென்சில்வேனியா, வாண்டர்பில்ட், டியூக் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் மூன்று பாடங்கள் தூணாக நிற்கும். நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது, மருந்து உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது, ஒரு நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை எப்படிப் பரிசோதிப்பது. நர்சிங் பட்டத்திலேயே இதெல்லாம் படித்தோமே என்று தோன்றும். படித்ததுதான். ஆனால் இப்போது ஆழம் வேறு.

அந்த ஆழம் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு விஷயத்தை வைத்துக் காட்டுகிறேன். பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சளியாலும் வீக்கத்தாலும் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தடித்துவிட்டால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். காற்றுப் போகும் பரப்பில் முக்கால்வாசி போய்விட்டது. அகலம் பாதியானால் காற்றுக்கு உண்டாகும் தடை 16 மடங்கு ஆகும். பெரியவர்களின் குழாய் 8 மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதே 1 மில்லிமீட்டர் வீங்கினால் தடை ஏறத்தாழ மூன்று மடங்குதான் ஆகும். நமக்குத் தொண்டை கரகரப்பாக இருக்கும், வேலைக்குப் போய்விடுவோம். குழந்தைக்கு அது உயிர்ப் போராட்டம். அதோடு, இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுவார்கள். அதனால் சில சமயம் மூக்கிலுள்ள சளியை உறிஞ்சி எடுத்தாலே குழந்தை ஆசுவாசமாகிவிடும். அதை ஒரு சில்லறை வேலை என்று நினைக்கிறவர் இந்தத் துறைக்கு ஏற்றவர் இல்லை.

மருந்து கொடுக்காமல் இருப்பதும் இந்தப் பயிற்சியில் பெரிய பாடம். ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸால் சின்ன மூச்சுக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும் நோய்க்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் நெபுலைசர் மருந்தையோ ஸ்டீராய்டையோ வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவும் வேண்டாம். மூச்சுக்கு உதவி, நீர்ச்சத்து, மூக்கைச் சுத்தம் செய்வது, விடாத கண்காணிப்பு, இவைதான் சிகிச்சை. "ஏதாவது மருந்து கொடுங்களேன்" என்று கண்கலங்கி நிற்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க, விஷயமும் தெரிந்திருக்க வேண்டும், மனசும் வேண்டும்.

கணக்கும் வேண்டும். குழந்தைகளுக்கு எல்லாமே எடைப்படிதான். நம் நான்கு மாதக் குழந்தை 6 கிலோ என்றால், ஒரு நாளைக்கு டிரிப்பில் போக வேண்டிய திரவத்துக்கு வழக்கமான சூத்திரம் உண்டு. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. ஆகவே இந்தக் குழந்தைக்கு நாளைக்கு 600 மில்லி, மணிக்கு 25. பக்கத்துக் கட்டிலில் 23 கிலோ சிறுமி இருந்தால் 1,000 கூட்டல் 500 கூட்டல் 60, மொத்தம் 1,560 மில்லி. சூத்திரம் தொடக்கம்தான். இதயமோ சிறுநீரகமோ கோளாறாக இருந்தால் இதைக் குறைக்க வேண்டிவரும். இதயம் நின்றுபோனால் பெரியவர்களுக்கு எபிநெஃப்ரின் ஊசி 1 மில்லிகிராம். நம் குழந்தைக்கு 0.06 மில்லிகிராம். புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

இதில் அமெரிக்காவில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அங்கே வீட்டில் குழந்தையின் எடையைப் பவுண்டில்தான் சொல்வார்கள். அம்மா "பதின்மூன்று" என்கிறார். அது பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6 கிலோ. அவசரத்தில் யாராவது 13 கிலோ என்று பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு மருந்தும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதனால்தான் மருத்துவமனைத் தராசுகளைக் கிலோவில் மட்டும் காட்டும்படி வைக்கச் சொல்கிறார்கள். மருந்து எழுதுவதற்கு முன் குழந்தையைக் கண்ணால் பார்த்து, இந்த எடை இந்த உடம்புக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே ஊட்டிவிடுகிறார்கள்.

ரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் நீர் வற்றினாலோ ரத்தத்தில் கிருமி பரவினாலோ பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் சீக்கிரமே இறங்கத் தொடங்கும். குழந்தையின் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இதயம் வேகமாக அடிக்கும், கை கால் சில்லிடும், தோலை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். ஆனால் மானிட்டரில் ரத்த அழுத்தம் சரியாகவே இருக்கும். அது இறங்கும்போது நேரம் கடந்துவிட்டிருக்கும். எண்ணை நம்பாதே, குழந்தையைப் பார் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வகுப்பு ஒரு பக்கம் என்றால், நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி மறுபக்கம். பல காலமாகக் குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்தது. 2022-இல் வந்த தேசியத் தர நிர்ணயம் அதை 750 ஆக்கியது. அனுபவமுள்ள ஒரு நர்ஸ் பிராக்டிஷனரோ டாக்டரோ பிரிசெப்டராக, அதாவது கூடவே இருந்து கற்றுத் தருபவராக இருப்பார். அவர் நிழலாகச் சுற்ற வேண்டும். காலை ரவுண்ட்ஸில் மாணவர் பேசுவதைக் கேட்டாலே அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில், "குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, யூரின் கம்மி" என்று நிறுத்திவிடுவார். அது நர்ஸின் குரல். அதில் ஒரு தப்பும் இல்லை. பிரிசெப்டர் விடமாட்டார், "அதனால்?" என்பார். சில மாதம் கழித்து அதே மாணவர் இப்படிப் பேசுவார்: "யூரின் கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிகூட இல்லை. நீர்ச்சத்துக் குறைவு என்று நினைக்கிறேன். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது, இதயத்துடிப்பு அதிகம். இதயக் கோளாறாக இருக்குமோ என்று பார்த்தேன். கல்லீரல் பெரிதாகவில்லை, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தமும் இல்லை. கிலோவுக்கு 10 மில்லி திரவம் கொடுத்துவிட்டு மறுபடி பரிசோதிக்கலாம்." இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் உள்ள தூரத்துக்குத்தான் அத்தனை மணி நேரம்.

படிப்பு முடிந்ததும் பீடியாட்ரிக் நர்சிங் சர்டிஃபிகேஷன் போர்டு நடத்தும் தேர்வு. 175 கேள்வி, மூன்று மணி நேரம். 150 கேள்விக்குத்தான் மதிப்பெண், மற்ற 25 எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எது எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. தேறிய பிறகு மாநிலத்தில் உயர்நிலை நர்ஸ் என்ற உரிமம் வாங்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அதிகாரம் மாறும். கொலராடோ, ஆரிகன் போன்ற மாநிலங்களில் சட்டப்படி தனித்தே இயங்கலாம். டெக்சாஸில் ஒரு டாக்டரோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுத முடியும். ஆனால் ஐசியுவில் எந்த மாநிலமானாலும் குழுவாகத்தான் வேலை. தொண்டையில் குழாய் போடுவது, முதுகுத் தண்டில் நீர் எடுப்பது போன்றவற்றை யார் யார் செய்யலாம் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஆளைப் பார்த்துத் தனித்தனியாக அனுமதி தரும்.

உரிமம் கைக்கு வந்த முதல் வருடம் கஷ்டமானது. ஐந்து வருடம் ஐசியுவில் கெட்டிக்கார நர்ஸ் என்று பெயர் எடுத்தவர், இப்போது எல்லாவற்றிலும் புதுசு. நேற்றுவரை தோழியாக இருந்தவர், "என்ன ஆர்டர்?" என்று கேட்டு நிற்பார். அந்த நேரத்தில் நெஞ்சு படபடப்பது இயல்பு. பல குழந்தைகள் மருத்துவமனைகள் இதைப் புரிந்துகொண்டு, புதியவர்களுக்கென்று ஒரு வருடம் வரை தொடர் பயிற்சி வைத்திருக்கின்றன. வேலை தேடும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இந்தப் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போக நினைப்பவர்களுக்கு: இங்கே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்கள் தங்கள் சான்றிதழ்களை மதிப்பீடு செய்து வாங்கி, ஆங்கிலத் தேர்வும் என்கிளெக்ஸும் தேறி, முதலில் அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேண்டும். மேற்படிப்பின் நேரடிப் பயிற்சிக்கு அந்த நாட்டு உரிமம் தேவை என்பதால் இதற்குக் குறுக்கு வழி இல்லை. யாராவது இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். இந்தியாவிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுகலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. அது குழந்தைகளுக்கென்று தனியாக வந்ததல்ல. குழந்தைகள் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு எம்.எஸ்ஸி.யில் குழந்தைகள் நலச் செவிலியம் என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அது நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உரிமையைத் தருவதில்லை. நம் ஊரில் குழந்தைகள் வார்டுகளில் நர்ஸ்கள் சுமக்கிற பொறுப்பைப் பார்க்கும்போது, அந்த உரிமைக்கும் அதற்கான பயிற்சிக்கும் இங்கே ஒரு வழி வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இப்போதே ஏதாவது குழந்தைகள் வார்டில் இருக்கிறீர்கள் என்றால், விண்ணப்பம், தேர்வு எதுவும் இல்லாமல் இன்றைக்கே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. குழந்தையின் மூச்சை எண்ணும்போது 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் மூச்சு சீராக வராது, கொஞ்ச நேரம் வேகமாகப் போகும், நடுவில் சில வினாடி நிற்கும். சட்டையை விலக்கி, நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். போன தடவை எவ்வளவு இருந்தது என்று கேஸ் ஷீட்டைப் பாருங்கள். எண் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, ஏன் என்று டாக்டரிடம் சொல்வதற்கு முன் உங்கள் கையடக்க நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் டாக்டர் என்ன சொன்னார் என்று அதற்குக் கீழே எழுதுங்கள்.